முதல் வகுப்பு லவுஞ்ச்: பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விமான நிலையத்தில் முதல் வகுப்புப் பயணிகளுக்கென ஒதுக்கப்பட்ட காத்திருப்புக் கூடமான லவுஞ்சுக்கு முதன்முறையாகச் செல்பவர்களும், பெற்றோரை அவ்வகுப்பில் அனுப்பிவைக்கும் பிள்ளைகளும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஃபிராங்க்ஃபர்ட், துபாய், சிங்கப்பூர், லண்டன், ஹாங்காங் ஆகிய நிலையங்களை முன்வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன. நுழைவு விதிகளை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுவதுண்டு. ஆகவே, புறப்படுமுன் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முதல் வகுப்பு லவுஞ்சுக்கும் பிசினஸ் வகுப்பு லவுஞ்சுக்கும் என்ன வேறுபாடு?

தலைக்கணக்குதான் முதல் வேறுபாடு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ380 என்ற இரண்டடுக்கு விமானத்தில் முதல் வகுப்பு அறைகள் 6. பிசினஸ் வகுப்பு இருக்கைகள் 78. ஒரே விமானத்துக்காகக் காத்திருப்போரிலேயே இத்தனை வேறுபாடு என்றால், ஒரு லவுஞ்சில் கூட்டம் நெரிவதும் மற்றொன்றில் நாற்காலிகள் காலியாகக் கிடப்பதும் இயல்பே. பிசினஸ் லவுஞ்சில் தட்டை எடுத்துக்கொண்டு நாம் உணவிருக்கும் இடத்துக்குச் செல்கிறோம். முதல் வகுப்பு லவுஞ்சில் மேசையில் அமர்ந்து, உணவுப் பட்டியலைப் பார்த்துச் சொன்னால் சமைத்துக் கொண்டுவருகிறார்கள். குளிக்கவும் படுக்கவும் கதவு மூடிய தனியறைகள் கிடைக்கின்றன.

ஆனால் இவற்றையெல்லாம் விட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. நல்ல முதல் வகுப்பு லவுஞ்சில் பயணியின் நேரத்தைப் பயணி பார்ப்பதில்லை, வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். எந்த வாயில், எப்போது கிளம்ப வேண்டும், தாமதமானால் அடுத்த விமானம் எது என்ற கவலைகளை வாங்கி வைத்துக்கொள்ளும் ஊழியர் இருக்கும் இடமே அந்தப் பெயருக்குத் தகுதியானது என்பது இதை எழுதுபவரின் கருத்து. அது இல்லாத இடத்தில், பளிங்கும் பூச்சாடியும் எத்தனை இருந்தாலும், அது அமைதியான பிசினஸ் லவுஞ்ச் மட்டுமே.

இப்படியொரு ஏற்பாடு எப்போது தொடங்கியது?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1939ஆம் ஆண்டு நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் திறந்த 'அட்மிரல்ஸ் கிளப்' தான் விமான நிறுவன லவுஞ்சுகளில் முதலாவதாகக் கருதப்படுகிறது. நிறுவனம் தேர்ந்தெடுத்து அழைத்தவர்கள் மட்டுமே அதில் நுழைய முடிந்தது. பணம் கட்டி உறுப்பினராகும் முறையும், இருக்கை வகுப்பை வைத்து அனுமதிக்கும் முறையும் பின்னர் வந்தவை.

முதல் வகுப்பு லவுஞ்சுக்குள் யார் செல்லலாம்?

அன்றைய நாளில் அதே நிறுவனத்தின் முதல் வகுப்பில் பறப்பவர் செல்லலாம் என்பது எங்கும் பொருந்தும் விதி. அதற்கு அப்பால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகக் கோடு கிழிக்கிறது.

விமான நிறுவனங்கள் பல சேர்ந்து அமைத்திருக்கும் கூட்டணிகளில் ஒன்வேர்ல்டே தாராளமானது. அடிக்கடி பறப்பவர்களுக்கு அது தரும் நிலைகளில் மிக உயர்ந்ததான எமரால்டு பெற்ற உறுப்பினர், எகானமி வகுப்பில் பறந்தாலும், கூட்டணி நிறுவனங்களின் முதல் வகுப்பு லவுஞ்சுகளுக்குள் செல்லலாம். ஒரு விருந்தினரையும் உடன் அழைத்துச் செல்லலாம். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014இல் இக்கூட்டணியில் இணைந்தது. அந்நிறுவனத்தின் விமானங்களில் முதல் வகுப்பே கிடையாது. ஆனாலும் அடிக்கடி பறப்பவர்களுக்கான அதன் ஃப்ளைஸ்மைல்ஸ் திட்டத்தில் பிளாட்டினம் நிலையை எட்டியவர் எமரால்டாகவே கருதப்படுவதால், கூட்டணி விமானமொன்றில் ஹாங்காங்கிலிருந்து புறப்படும்போது கேத்தே பசிபிக்கின் 'தி பியர்' முதல் வகுப்பு லவுஞ்சில் அமர்ந்து சாப்பிடலாம். கொழும்புக்கு அடிக்கடி சென்று வரும் வணிகர்கள் பலர் இதை அறியாமலே இருக்கிறார்கள்.

அதே கூட்டணியிலும் விலக்குகள் உள்ளன. லண்டன் ஹீத்ரோ டெர்மினல் 5இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இரண்டு அடுக்குகளாக வைத்திருக்கிறது. எமரால்டு உறுப்பினர்கள் 'கேலரீஸ் ஃபர்ஸ்ட்' லவுஞ்சுக்குச் செல்லலாம். பக்கத்திலேயே இருக்கும் 'கான்கார்டு ரூம்' முதல் வகுப்புச் சீட்டு வைத்திருப்பவருக்கும் சிறப்பு அட்டை பெற்ற மிகச் சிலருக்குமே உரியது. தோகாவில் கத்தார் ஏர்வேஸின் 'அல் சஃப்வா'வும் எமரால்டு அட்டையை மட்டும் காட்டினால் திறப்பதில்லை.

மற்றொரு கூட்டணியான ஸ்டார் அலையன்ஸில் அதன் உயர்ந்த நிலையான கோல்டு பிசினஸ் லவுஞ்சுகளோடு நின்றுவிடுகிறது. ஏர் இந்தியாவும் 2014 முதல் இக்கூட்டணியில் இருப்பதால் தமிழ்நாட்டுப் பயணிகள் பலரிடம் இந்தக் கோல்டு அட்டை உண்டு. அதைக் கொண்டு முதல் வகுப்பு வாசலில் நிற்பதால் பயனில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், வேறு ஸ்டார் அலையன்ஸ் நிறுவனத்தின் முதல் வகுப்புச் சீட்டுடன் வருபவரைத் தன் சில்வர்கிரிஸ் முதல் வகுப்பு லவுஞ்சு வரையில் அனுமதித்து, அதற்கு உள்ளேயிருக்கும் 'தி பிரைவேட் ரூம்' வாசலில் நிறுத்திவிடுகிறது. அந்த அறை தன் சொந்த விமானங்களின் சூட்ஸ் (தனியறை), முதல் வகுப்புப் பயணிகளுக்கு மட்டுமே.

கூட்டணி எதிலும் சேராத எமிரேட்ஸ், முதல் வகுப்புப் பயணிகளோடு அடிக்கடி பறப்பவர்களுக்கான தன் ஸ்கைவார்ட்ஸ் திட்டத்தின் பிளாட்டினம் உறுப்பினர்களையும் துபாயில் உள்ளே விடுகிறது.

கிரெடிட் கார்டு அல்லது பிரையாரிட்டி பாஸ் காட்டினால் போதுமா?

போதாது. கிரெடிட் கார்டும், லவுஞ்சு நுழைவுக்கான உறுப்பினர் அட்டையான பிரையாரிட்டி பாஸும் திறப்பது, அவற்றோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பொது லவுஞ்சுகளை. இந்தியாவில் இரண்டு ரூபாய்க்கு அட்டையைத் தேய்த்துவிட்டு நுழையும் லவுஞ்சுகள் கல்யாணப் பந்திபோல் ஆகி, வாசலில் வரிசை நின்றதன் பிறகுதான், முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவழித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வங்கிகள் கொண்டுவந்தன. முதல் வகுப்பு லவுஞ்ச் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சொந்தமான முதல் வகுப்பு லவுஞ்சுகளை நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் தலைமை நிலையத்தில்தான் வைத்திருக்கின்றன. சென்னையிலிருந்து முதல் வகுப்பில் புறப்படுபவர், நிறுவனம் ஒப்பந்தம் செய்திருக்கும் பொது லவுஞ்சுக்கே அனுப்பப்படுவார். எதிர்பார்ப்புகளை துபாய்க்கோ ஃபிராங்க்ஃபர்ட்டுக்கோ போகும்வரை தள்ளிவைப்பது ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் தனிக் கட்டடமே இருப்பதாகச் சொல்கிறார்களே, அங்கே என்ன நடக்கிறது?

உண்மைதான். லுஃப்தான்சா நிறுவனம் 2004 டிசம்பரில் திறந்த 'ஃபர்ஸ்ட் கிளாஸ் டெர்மினல்', டெர்மினல் 1க்கு அருகில், அதிலிருந்து விலகி நிற்கும் தனிக் கட்டடம். லவுஞ்ச் என்பதை அதன் முடிவான வடிவத்தில் காண விரும்புபவர் இதைத்தான் பார்க்க வேண்டும்.

காரில் வந்து இறங்கியதும் ஓட்டுநரோ பயணியோ வாகனத்தை ஊழியரிடம் ஒப்படைத்துவிடலாம். வாசலில் ஓர் உதவியாளர் பெயர் சொல்லி வரவேற்று, கடவுச்சீட்டையும் பெட்டிகளையும் வாங்கிக்கொள்கிறார். செக்-இன் மேசை முன் நிற்பது என்பது அங்கே கிடையாது. அந்த வேலையை அவர் முடிக்கிறார். பாதுகாப்புச் சோதனை அக்கட்டடத்துக்குள்ளேயே நடக்கிறது. நமக்கு முன்னால் ஒருவரோ இருவரோ இருந்தால் அதிகம். அதன் பிறகு பயணிக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவும் மிச்சமில்லை. உணவகத்தில் அமரலாம், நூலகம்போல் அடுக்கிய விஸ்கி வகைகளைப் பார்த்தபடி மதுக்கூடத்தில் இருக்கலாம், தொட்டி வைத்த குளியலறையில் ஊறலாம், தனியறையில் படுக்கலாம். குளியலறையில் தரப்படும் ரப்பர் வாத்து பொம்மையைச் சேகரிப்பதற்கென்றே உலகெங்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. பல்லாயிரம் யூரோ சீட்டு வாங்கியவர்கள் அந்தச் சின்ன வாத்துக்காக ஆசைப்படுவது வேடிக்கையான காட்சி.

விமானத்துக்கு நேரமானதும் உதவியாளர் தேடி வந்து அழைக்கிறார். கீழ்த்தளத்தில் குடியேற்றச் சோதனை. அங்கே காத்திருக்கும் மெர்சிடிஸ் அல்லது போர்ஷே காரில் ஏற்றி, விமானங்கள் நிற்கும் தளத்தின் வழியாக விமானத்தின் அடிவாரத்திலேயே இறக்கிவிடுகிறார்கள். ஜம்போ விமானமொன்றின் சக்கரங்களுக்குப் பக்கத்தில், அதன் வயிற்றை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் அங்கே சென்று வந்தவர்கள் சாப்பாட்டை விடவும் அதிகமாகப் பேசுகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை விமானங்களின் வழக்கமான புறப்பாட்டுக்கும் தரையிறக்கத்துக்கும் தடை இருப்பதால், இந்தக் கட்டடமும் இரவில் மூடப்படும். இரவு தங்கிக் கழிக்கலாம் என்ற திட்டம் வேண்டாம். அடுத்தது, இக்கட்டடம் சோதனை எல்லைக்கு வெளியே இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்து அமெரிக்காவுக்கு மாறிச் செல்லும் பயணி இங்கே வரவேண்டுமானால் ஜெர்மனிக்குள் முறைப்படி நுழைந்தாக வேண்டும். ஷெங்கன் விசா இல்லாதவர் அதற்கு முயலாமல், டெர்மினலுக்குள்ளேயே பி பகுதியில் இருக்கும் லுஃப்தான்சா முதல் வகுப்பு லவுஞ்சைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அங்கும் மேசையில் பரிமாறும் உணவும் குளியலறையும் உண்டு.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்கும் முறையில் கவனம் தேவை. புஃபே மேசையில் கிடப்பதை வைத்து முடிவு செய்துவிட்டு, ரொட்டியும் பழமுமாகப் பசியாறிப் போகிற சைவப் பயணிகள் உண்டு. முதல் வகுப்பு லவுஞ்சில் சமையலறை உள்ளேயே இயங்குகிறது என்பதையும், உணவுப் பட்டியலில் இல்லாததையும் கேட்டுப் பார்க்கலாம் என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இறைச்சி, மீன், முட்டை, அவற்றின் சாறு எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பாவில் 'வெஜிடேரியன்' என்றால் முட்டை சேரும். மீன் சாறும் சில இடங்களில் எட்டிப்பார்க்கும். 'வீகன்' என்று சொன்னால் சந்தேகத்துக்கு இடமில்லை, ஆனால் தயிரும் நெய்யும் கூடவே போய்விடும்.

துபாயில் இந்தியப் பயணிகள் மிகுதி என்பதால் பருப்பு, பனீர், சோறு வகைகள் எளிதாகக் கிடைக்கின்றன. எமிரேட்ஸ் உணவு ஹலால் முறையில் தயாராவது. சிங்கப்பூரிலும் இந்திய உணவு புதிதல்ல. ஃபிராங்க்ஃபர்ட்டில் உருளைக்கிழங்கு, காளான், பருவக் காய்கள் என்று சுற்றிவரும். காரம் எதிர்பார்ப்பவர் மிளகாய் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒரு யோசனை: நள்ளிரவு விமானமானால், முழு உணவையும் லவுஞ்சிலேயே முடித்துக்கொண்டு, விமானத்தில் ஏறியதும் உறங்கிவிடுவதே சிறந்தது. தரையில் நாக்குக்கு இருக்கும் சுவை உணர்வு, அழுத்தம் குறைந்த வறண்ட விமானக் காற்றில் மங்கிவிடுகிறது. லவுஞ்சுச் சாப்பாட்டை வேண்டாமென்று ஒதுக்கி, விமானச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பதில் லாபமில்லை.

மதுபானங்களுக்குத் தனியே பணம் கட்ட வேண்டுமா?

பரிமாறப்படும் பட்டியலில் உள்ளவற்றுக்குக் கட்டணமில்லை. நல்ல ஷாம்பெயின் திறந்திருக்கிறது என்பதற்காக அளவை மறப்பது ஆபத்து. போதையில் தள்ளாடும் பயணியை, அவர் எந்த வகுப்பானாலும், ஏற்ற மறுக்கும் அதிகாரம் விமானிக்கு உண்டு. துபாய் வழியே வெளியே ஊருக்குள் செல்லப்போகிறவர் அந்நாட்டுச் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும்.

குளியல், உறக்கம், மசாஜ் ஆகியவற்றை எப்படிப் பெறுவது?

உள்ளே நுழைந்தவுடனே வரவேற்பு மேசையில் பெயர் பதிந்துவிட வேண்டும் என்பதே இதற்கான முழு இரகசியம். சாப்பிட்டுவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று இருப்பவர்கள், தங்கள் முறை வருவதற்குள் விமானமேறப் போய்விடுகிறார்கள். குறிப்பாகத் துபாயில் நள்ளிரவு கடந்தும் அதிகாலையிலும் விமானங்கள் அலையலையாக வந்து சேர்வதால், குளியலறைக்கும் அமைதி அறைக்கும் அந்நேரத்தில் போட்டி அதிகம்.

துபாய் முதல் வகுப்பு லவுஞ்சிலுள்ள டைம்லெஸ் ஸ்பாவில் குறுகிய நேர மசாஜ் ஒன்று கட்டணமின்றி வழங்கப்படுகிறது. நீண்ட சிகிச்சைகளுக்குப் பணம் கட்ட வேண்டும். ஹாங்காங் 'தி பியர்' லவுஞ்சில் காலுக்கும் கழுத்துக்கும் தோளுக்கும் இலவசமாகப் பிடித்துவிடுகிறார்கள். சாய்ந்து படுக்கச் சிறு தனியறைகளும் உண்டு. அந்த லவுஞ்ச் நிலையத்தின் கோடியில், 63ஆம் வாயிலருகே இருப்பதால், நடக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எமிரேட்ஸ் ஏ380 முதல் வகுப்பில் விமானத்துக்குள்ளேயே குளியலறை இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே ஒருவருக்குக் கிடைக்கும் தண்ணீர் ஐந்து நிமிடத்துக்கு. பறந்துகொண்டே குளித்தோம் என்ற பெருமைக்கு அது போதும். தலைக்குக் குளிக்க விரும்பும் பெண்களுக்குத் தரையிலுள்ள லவுஞ்சே வசதி.

விமானமேற அழைப்பு விடுப்பார்களா?

பெரும்பாலான முதல் வகுப்பு லவுஞ்சுகளில் ஒலிபெருக்கி அறிவிப்பு கிடையாது. ஆகவே அழைப்பு எப்படி வரும் என்பதை நுழையும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தில் தவறவே விடக்கூடாத விடை இது ஒன்றுதான்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் உதவியாளர் தாமே வந்து அழைத்துச் செல்கிறார். வேறு பல இடங்களில் திரையைப் பார்த்து நாமே கிளம்ப வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர் சாங்கியில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டெர்மினல் 1, 2, 3 ஆகியவற்றில் பாதுகாப்புச் சோதனை நுழைவில் நடப்பதில்லை, விமான வாயிலில்தான் நடக்கிறது. முதல் வகுப்புப் பயணியும் அங்கே தன் பையைச் சோதனைக்கு வைத்தாக வேண்டும். டெர்மினல் 3இல் இருக்கும் பிரைவேட் ரூமில் கடைசி நிமிடம்வரை காபி குடித்துக்கொண்டிருந்துவிட்டு, டெர்மினல் 2இல் இருக்கும் வாயிலுக்கு ஓடுவது பொருத்தமாக இராது. அதே சாங்கியில் புறப்பாட்டின் தொடக்கம் மிக நேர்த்தி என்பதையும் சொல்ல வேண்டும்: டெர்மினல் 3இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் முதல் வகுப்புச் செக்-இன் தனி வாசலும் தனிக் குடியேற்ற வழியும் கொண்டது.

பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடத்தைப் பொறுத்தவரை லண்டன் சாங்கிக்கு நேரெதிர். டெர்மினல் 5இல் 2017ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'ஃபர்ஸ்ட் விங்' வழியே செக்-இன், பாதுகாப்புச் சோதனை இரண்டும் முடித்து நேரே லவுஞ்சுக்குள்ளேயே நுழையலாம். ஆனால் நீண்டதூர விமானங்கள் பல பி, சி துணைக் கட்டடங்களிலிருந்து புறப்படுகின்றன. அவற்றுக்குத் தரையடி இரயிலில் செல்ல வேண்டும். லவுஞ்சிலிருந்து இருபது நிமிடம் ஒதுக்கிவைப்பது பாதுகாப்பு.

துபாயில் எந்த லவுஞ்சுக்குச் செல்ல வேண்டும்?

டெர்மினல் 3இல் ஏ, பி, சி என மூன்று பிரிவுகளிலும் எமிரேட்ஸுக்கு முதல் வகுப்பு லவுஞ்சுகள் உள்ளன. இவற்றில் 2013இல் திறக்கப்பட்ட ஏ பிரிவு, ஏ380 விமானங்களுக்கென்றே கட்டப்பட்டது. அங்கே ஒரு தளம் முழுவதும் முதல் வகுப்பு லவுஞ்சாக விரிந்து கிடக்கிறது. கடைகளும் சுருட்டு அறையும்கூட அதற்குள்ளேயே. லவுஞ்சிலிருந்து மின்தூக்கியில் இறங்கினால் நேரே விமான வாயில். பொதுமக்கள் நிற்கும் வரிசையைப் பார்க்கவே வேண்டியதில்லை.

இந்தப் புகழைக் கேட்டுவிட்டு, பி பிரிவிலிருந்து புறப்படும் சென்னைப் பயணி ஏ பிரிவுக்கு இரயிலேறிச் செல்வதைப் பரிந்துரைக்க முடியாது. நேரடியாக விமானமேறும் வசதி அந்தந்தப் பிரிவின் விமானத்துக்கே பயன்படும். மற்றவருக்கு அது போக வர இரண்டு இரயில் பயணமாக முடியும். நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் போய்ப் பார்க்கலாம். இரண்டு மணி நேரம்தான் என்றால், போர்டிங் பாஸில் எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறதோ அங்கேயே இருப்பதுதான் நல்லது.

சக்கர நாற்காலியில் செல்லும் பெற்றோர் லவுஞ்சைப் பயன்படுத்த இயலுமா?

தாராளமாக. ஆனாலும் நடைமுறையில் இவர்களே அதிகம் இழக்கிறார்கள். வெளிநாட்டிலுள்ள மகனோ மகளோ, பறந்ததற்கு விமான நிறுவனம் தரும் பரிசுப் புள்ளிகளான மைல்களைச் சேர்த்து அம்மா அப்பாவுக்கு முதல் வகுப்புச் சீட்டு எடுத்துத் தருகிறார்கள். சக்கர நாற்காலி தள்ளும் ஊழியரோ, பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் ஆள். சீட்டின் வகுப்பைக் கவனிக்காமல், வழக்கம்போல் பொதுக் காத்திருப்பு இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்தவரை அழைத்துவரப் போய்விடுகிறார். மொழி தெரியாத தயக்கத்தில் பெரியவர்களும் எதுவும் கேட்பதில்லை.

இதைத் தவிர்க்க, அந்த லவுஞ்சின் பெயரையும் பிரிவையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, போர்டிங் பாஸுடன் சேர்த்து அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். விமானத்திலிருந்து இறங்குமுன் பணிப்பெண்ணிடம் அதைக் காட்டச் சொல்லலாம். லவுஞ்சுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு கவலையில்லை. வாயிலுக்கு அழைத்துச் செல்ல மறுபடியும் சக்கர நாற்காலியை வரவழைப்பது வரவேற்பு மேசையின் பொறுப்பு. மாத்திரை நேரம், வெந்நீர், சர்க்கரை இல்லாத காபி போன்றவற்றையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

உடை விஷயத்தில் கட்டுப்பாடு உண்டா?

பெரும்பாலான இடங்களில் சுத்தமான சாதாரண உடையே போதும். வேட்டியும் சேலையும் எவர் புருவத்தையும் உயர்த்துவதில்லை. ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் நிறுவனம் மட்டும் ரப்பர் செருப்பு, உடற்பயிற்சி உடை ஆகியவற்றோடு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடும்.

டிப்ஸ் தர வேண்டுமா? படம் எடுக்கலாமா? உணவை எடுத்துச் செல்லலாமா?

டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதில்லை. உங்கள் தட்டையும் நாற்காலியையும் படமெடுக்கலாம். பிற பயணிகள் படத்தில் விழக்கூடாது. யாரும் தம்மைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே அங்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். உணவைப் பொட்டலம் கட்டுவது வேண்டாம். தண்ணீர்ப் போத்தலோ சாக்லேட்டோ கேட்டால் அவர்களே தருவார்கள்.

விமானம் தரையிறங்கிய பிறகு லவுஞ்சைப் பயன்படுத்தலாமா?

பயணம் அங்கே முடிகிறது என்றால், புறப்பாட்டு லவுஞ்சுக்குள் அனுமதி கிடைப்பது அரிது. அதற்கென வருகை லவுஞ்ச் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டில் லுஃப்தான்சாவின் 'வெல்கம் லவுஞ்ச்', ஹீத்ரோ டெர்மினல் 5இல் பிரிட்டிஷ் ஏர்வேஸின் வருகை லவுஞ்ச் ஆகியவை, அதிகாலையில் வந்திறங்கி நேரே அலுவலகம் செல்பவர்கள் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு சிற்றுண்டி சாப்பிட உதவுகின்றன. இவை காலை நேரத்துக்கானவை. மாலையில் வந்திறங்குபவர் நம்பியிருக்க வேண்டாம்.

இந்த லவுஞ்சுக்காகவே முதல் வகுப்புச் சீட்டு வாங்கலாமா?

கைக்காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், கூடாது. பிசினஸ் வகுப்புக்கும் முதல் வகுப்புக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் நல்ல விடுதியில் பல நாள் தங்கிச் சாப்பிடலாம். மைல்களைக் கொண்டு எடுப்பவர் நிலை வேறு. அவருக்கு ஒரு கணக்கு சொல்லலாம்: எந்த நிலையத்தில், எத்தனை மணி நேரம் காத்திருக்கப் போகிறோம் என்பதைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் தலைமை நிலையத்தில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி வரும்படி சீட்டு எடுத்தால், மைல்கள் வீணாகாது. ஒன்றரை மணி நேர இடைவெளியில் ஓடி ஓடி மாறும் பயணத்துக்கு முதல் வகுப்பு மைல்களைச் செலவிடுவது, இலையில் உட்காராமலே விருந்துக்கு மொய் வைப்பதற்குச் சமம்.

மைல்களைக் கொண்டு முன்கூட்டியே முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்ட சீட்டுக்கும் பொதுவாக அதே உரிமை உண்டு. வாயிலில் கடைசி நேரத்தில் உயர்த்தப்பட்டால், லவுஞ்சுக்குப் போக நேரம் இராது.

விமானம் ரத்தானால் லவுஞ்சில் என்ன உதவி கிடைக்கும்?

பனிப்பொழிவிலோ வேலைநிறுத்தத்திலோ நிலையம் முழுவதும் குழம்பிக் கிடக்கும் நாளில்தான் இந்த இடத்தின் மதிப்பு தெரியும். வெளியே சேவை மேசை முன் நூற்றுக்கணக்கானோர் நிற்கும்போது, லவுஞ்சுக்குள் இருக்கும் சிலருக்கு அதே கணினியுடன் அதே அதிகாரமுள்ள ஊழியர்கள் இருக்கிறார்கள். ரத்து அறிவிப்பு வந்தவுடன் சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து, வரவேற்பு மேசைக்குச் சென்று, நீங்களே கண்டுபிடித்த மாற்று விமானத்தின் எண்ணைச் சொல்லுங்கள். அந்தக் கூட்டணியின் பிற நிறுவனங்களின் விமானங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வகுப்பில் இடமில்லை, பிசினஸில் ஒன்றிருக்கிறது என்றால் அதையே எடுத்துக்கொண்டு, கட்டண வித்தியாசத்தைத் திரும்பப் பெறும் உரிமையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றிய நிலையங்களிலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் பொருந்தும் 261/2004 என்ற ஒழுங்குவிதி, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பெரும்பாலான பயணங்களில், தாழ்ந்த வகுப்பில் அமர்த்தப்பட்டவருக்குச் சீட்டு விலையில் 75 விழுக்காட்டைத் திருப்பித் தரச் சொல்கிறது. இரவு தங்க நேர்ந்தால் விடுதி, உணவு, விடுதிக்குச் செல்லும் வாகனம் ஆகியவற்றையும் அதே மேசையிலேயே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.